கைத்தடி விஷயமாக அக்காவுக்கு

பிர்னோ,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய அக்கா லிபுஷேவுக்கு,

தம்பி ஹினெக் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம், இடது காது நீங்கலாக. அது கிராக்கோவில் குளிரில் மரத்துப்போனது, இன்னும் முழுதாக ஊர் வந்து சேரவில்லை. உன் முழங்கால் வலி, உன் பூனையின் கோபம், பக்கத்து வீட்டு பிளாங்காவின் வாய் மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

போய் வந்ததும் தொலைபேசியில் கூப்பிடாதே, கூப்பிட்டால் 'ம்', 'சரி' தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வராது, ஒழுங்காக உட்கார்ந்து எழுது என்று உத்தரவு போட்டிருந்தாய். எழுதுகிறேன். உனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில் என்பதும் தெரியும்: ரடோவன் கிராக்கோவுக்கு யாரோ ஒரு போலந்துக்காரியைப் பார்க்கப் போனானா, இல்லையா. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்நோய்மோவில் உன் வீட்டுக்கு வந்து, உன் கையால் சாப்பிட்டு, உன் குழாயைச் சரிசெய்து, உன் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போகிறவன், இப்போது திடீரென்று போலந்துக்குப் போகலாம் என்று எங்களைக் கிளப்புகிறான், அங்கே அம்பர் கல் வைத்த நகை எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று விசாரிக்கிறான் என்று பிளாங்கா உன்னிடம் வந்து சொன்னாள். நீயும், போதும் இந்தக் காத்திருப்பு, வருகிற சனிக்கிழமை வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு பர்துபிட்ஸேவில் மகளோடு போய் இருந்துகொள்கிறேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாய். இதை ரடோவனிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாய். மூச்சு விடவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுவதும் வானிலை நிலையத்தில் மழையையும் பனியையும் அளந்தவன் நான். விழுந்ததை எழுதுவதுதான் என் வேலை. ஏன் விழுந்தது, நாளைக்கு விழுமா என்பதெல்லாம் முன்னறிவிப்புச் சொல்கிறவர்கள் பாடு. அவர்கள் சொன்னது பலித்ததையும் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே பார்த்ததை எழுதுவேன், கேட்டதை எழுதுவேன், கருத்து எதிர்பார்க்காதே.

போனது மூன்று பேர்: நான், ரடோவன், சிரில். சிரிலை உனக்கு மறந்திருக்காது. தீயணைப்புப் படை வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதியவன், அத்தானின் இறுதிச் சடங்கில் தாள் மாறிப்போய்க் கல்யாண மெட்டை வாசித்தவன். கிளம்பும் முன் நீ செய்த இரண்டு காரியங்களையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அங்கே பனிக்கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், அத்தானுடைய கைத்தடியை எடுத்துக்கொண்டு போ என்றாய். பிறந்ததிலிருந்து இரண்டு காலோடு இருக்கிறேன், மூன்றாவது எதற்கு என்றேன். என்னிடம் கைத்தடி இருந்ததே இல்லை என்பது உனக்கே தெரியும். இன்னொன்று, வழியில் சாப்பிட நீ கொடுத்தனுப்பிய ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடி. அதைச் சிரில் தன் பையில் வாங்கி வைத்துக்கொண்டான், பையைத் தூக்கி மேல் பலகையில் எறிந்தான், ஓஸ்ட்ராவா தாண்டுவதற்குள் அவனுடைய சட்டை, காலுறை, உள்ளாடை எல்லாம் ஊறுகாயாகிவிட்டன. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் எல்லை வரும் வரை பொறுத்துப் பார்த்தாள், பிறகு எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். மூன்று நாளும் சிரில் எந்தத் தெருவில் போகிறான் என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம் என்ற நிலை.

மொழி என்ன செய்வது என்று ரடோவன் ரயிலிலேயே கவலைப்பட்டான். சிரில் சிரித்தான். "போலந்து மொழின்னு தனியா ஒண்ணும் கிடையாதுடா. நம்ம செக் மொழியையே பல் வலியோட பேசினா அதான் போலந்து. நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க" என்றான். இந்தக் கடிதத்தில் இனி வருகிற அத்தனையும் அந்த வாக்கியத்தின் விளைவு.

கிராக்கோவ் நிலையத்தில் இறங்கியதும் சிரிலுக்கு அவசரம் வந்தது. எங்களுக்கும்தான். அங்கே நின்ற போலீஸ்காரரிடம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு "ஸாஹோத் எங்கே?" என்று கேட்டான். நமக்கு ஸாஹோத் என்றால் கழிப்பறை. அவர் ஒரு கணம் யோசித்தார், வானத்தைப் பார்த்தார், மரியாதையாக ஒரு பக்கம் கையை நீட்டினார். நடந்தோம். காணவில்லை. ஒரு பூக்காரியிடம் கேட்டான், அவளும் அதே பக்கம் கையை நீட்டினாள். ஒரு பாதிரியார் அதே பக்கம். "பெரிய ஊரு, பேரு பெத்த ஊரு, ஆனா மொத்த ஊருக்கும் ஒரே கழிப்பறை போலிருக்கேடா" என்றான் சிரில். ரடோவன், உனக்கே தெரியும், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன். அவன் மட்டும் "நாம மேற்கே போயிட்டு இருக்கோம்" என்றான். "திசையா முக்கியம் இப்போ?" என்று சிரில் சீறினான். சதுக்கத்தைத் தாண்டி, பூங்காவைத் தாண்டி, கடைசியில் வீடே இல்லாத ஒரு பெரிய புல்வெளியில் போய் நின்றோம். முழங்கால் அளவு பனி, நாலைந்து காக்கை, எதிரே சூரியன் மறைந்துகொண்டிருந்தது. ஸாஹோத் என்றால் அவர்கள் மொழியில் மேற்கு என்று அறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. புல்வெளியில் நடந்ததை எழுத மாட்டேன். என் இடது காதை நான் இழந்தது அங்கேதான்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரி யாத்விகா என்ற அம்மாள். விதவை, கணவர் டிராம் ஓட்டியவர். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். மாடியில் மூன்று கட்டில், காலையில் சாப்பாடு உண்டு என்று ஏற்பாடு. அவர் போலந்து மொழியில் பேசுவார், நாங்கள் செக் மொழியில் பேசுவோம், பாதி புரியும். புரியாத பாதியை அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வோம். ரடோவனை வாசலில் பார்த்ததும் அவர் "வாங்க வாங்க, உள்ள வாங்க, பாவம் மூக்கெல்லாம் செவந்து போச்சே" என்றார். ரடோவனும் தொப்பியைக் கழற்றி, குனிந்து, அவர் கையில் முத்தமிட்டான். பார்த்ததை எழுதுகிறேன். எனக்கு அப்போது உன் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலையில் மேஜைமேல் ஆவி பறக்க ரொட்டி இருந்தது. சிரில் மரியாதைக்காக, "அம்மா, இது செர்ஸ்த்வி தானே? எங்களுக்குச் செர்ஸ்த்வி ரொட்டின்னா உசுரு" என்றான். நமக்குச் செர்ஸ்த்வி என்றால் அப்போதுதான் சுட்டது. அந்த அம்மாள் முகம் மாறியது. "செர்ஸ்த்வியா வேணும்? நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் "ஆமாம்" என்றோம். அவர் பெருமூச்சு விட்டு, சூடான ரொட்டியை எடுத்துக்கொண்டு போய், கோழிக்குப் போட வைத்திருந்த காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் மொழியில் செர்ஸ்த்வி என்றால் பழையது, காய்ந்தது. இது அவர்கள் ஊர் வழக்கம் போலும் என்று நாங்களும், இது எங்கள் ஊர் வைத்தியம் போலும் என்று அவரும் நினைத்துக்கொண்டோம். சிரிலின் முன்பல் அந்த ரொட்டியோடு போய்விட்டது. அடுத்த நாள் காலை அந்த அம்மாள், தன் வீட்டில் காய்ந்த ரொட்டி தீர்ந்துவிட்டதென்று அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் கேட்டு வாங்கி வந்து எங்களுக்குப் பரிமாறினார். விருந்தோம்பலில் குறை சொல்ல முடியாது. ஒன்று சொல்ல வேண்டும், பல் போன பிறகு சிரில் பேசியது போலந்துக்காரர்களுக்கு முன்பைவிட நன்றாகப் புரிந்தது.

பல் வலிக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சை மது குடிக்கலாம் என்று கிளம்பினோம். தெருவுக்குத் தெரு 'ஸ்க்லெப்', 'ஸ்க்லெப்' என்று பலகை தொங்கியது. நம் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஸ்க்லெப் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை: தரைக்குக் கீழே நிலவறை, அதில் பீப்பாய், பீப்பாயில் மது. "ஸ்நோய்மோலகூட இத்தனை இல்லடா! வீட்டுக்கு வீடு நிலவறை வெச்சிருக்காங்க, மகராசனுங்க" என்று சிரில் ஆனந்தக் கண்ணீர் விட்டான். முதல் ஸ்க்லெப்பில் நுழைந்து, "வெள்ளையா, சிவப்பா, எது நல்லா இருக்கு?" என்றான். உள்ளே இருந்த கிழவி இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். ஒன்றில் வெள்ளைப் பொத்தான், இன்னொன்றில் சிவப்புப் பொத்தான். ஸ்க்லெப் என்றால் அங்கே வெறும் கடை. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு இரண்டு நிறத்திலும் வாங்கிக்கொண்டான். உனக்குத் தேவைப்பட்டால் அனுப்பி வைப்பான்.

பிறகு பெரிய சதுக்கம். மாதா கோயில் கோபுரத்தில் மணிக்கொரு தரம் ஒருவன் டிரம்பெட் ஊதுகிறான், மெட்டு நடுவிலேயே சட்டென்று நின்றுவிடுகிறது. அந்தக் காலத்தில் எதிரி வருவதைப் பார்த்து ஊதியவன் தொண்டையில் அம்பு பாய்ந்துவிட்டதாம், அதனால் இன்றைக்கும் பாதியிலேயே நிறுத்துகிறார்கள். சிரிலுக்கு இது தாங்கவில்லை. "பாதில விட்டா எனக்குத் தூக்கம் வராதுடா" என்று சதுக்கத்தின் நடுவில் நின்று, வாயைக் குவித்து, மீதி மெட்டைத் தானே ஊதி முடித்தான். பல் இல்லாததால் காற்றுதான் அதிகம் வந்தது. புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன, ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது, ஒரு குதிரை வண்டிக்காரர் கெட்ட வார்த்தை சொன்னார். அதை மட்டும் மூன்று பேரும் உடனே புரிந்துகொண்டோம். ஆனால் நான் குறித்துக்கொண்டது வேறு. ரடோவன் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். "அவனுக்காவது அம்பு. எனக்கு என்ன கேடு?" என்றான். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே. என்னடா என்று கேட்டேன், குளிருது என்றான்.

பிறகு துணிச் சந்தைக்குள் போய் உடையில் குத்திக்கொள்ளும் அம்பர் புரூச் ஒன்று வாங்கினான். தேன் நிறம், நடுவில் ஒரு சின்னப் பூச்சி. யாருக்கு என்று சிரில் கேட்டதும் காது வரை சிவந்தான். கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, பை இருக்கிறதா என்று வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்படி நடந்தால் விழாமல் என்ன செய்வான்? யாத்விகா அம்மாள் வீட்டு வாசல்படியில் சறுக்கி, ஒரு காலை வடக்கேயும் ஒரு காலை தெற்கேயும் நீட்டி உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மாள் ஓடிவந்து அவனை அப்படியே அள்ளித் தூக்கி உள்ளே கொண்டுபோனார். நானும் சிரிலும் பனியைத் தட்டிக்கொண்டு, சிரிலின் கையிலிருந்து கதவடியில் சிதறிய பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போக நேரமாகிவிட்டது. போய்ப் பார்த்தால், சமையலறையில் ரடோவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அந்த அம்மாள் அவன் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். அவன் கையில் வெள்ளிப் பூண் போட்ட ஒரு கைத்தடி. "என் வீட்டுக்காரரோடது. இனிமே உங்களோடது" என்கிறார். ரடோவன் மறுபடியும் அவர் கையில் முத்தமிடுகிறான்.

அக்கா, நான் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உனக்கு என்ன எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. செத்துப்போன புருஷனுடைய கைத்தடியை ஒரு பொம்பளை இன்னொருவன் கையில் கொடுப்பதென்றால் அது சாதாரணமா? 'வீட்டை விற்றுவிடு, கையெழுத்துப் போடு' என்று மனதுக்குள் ஒரு வரி எழுதியும்விட்டேன். உனக்காக வருத்தமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லாததால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டு பேரும் கோட்டைப் பக்கம் போனார்கள். என் காது வீங்கியிருந்தது, நான் வரவில்லை என்றேன். யாத்விகா அம்மாள் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் கட்டி என் காதோடு சேர்த்துக் கழுத்துத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஆகவே இனி வருவதை நான் வலது காதால் மட்டும் கேட்டேன் என்பதைக் கவனத்தில் வை. தேநீர் ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார்:

"ஏங்க, நீங்களும் உங்க லாஸ்காவை வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

நமக்கு லாஸ்கா என்றால் காதல் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனதுக்குப் பிடித்தவளையும் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், அறிமுகமாகி இரண்டு நாள் ஆன ஒரு பெண்மணி இப்படி நேரடியாகக் கேட்டதும் எனக்கு வேர்த்தது.

"எனக்கு லாஸ்காவே கிடையாதும்மா" என்றேன்.

"கிடையவே கிடையாதா? எப்பவுமேவா?"

"எப்பவுமே இல்ல. தேவைப்படல."

"நல்லா சொன்னீங்க. இந்த வயசுல, இந்தப் பனியில, விழுந்தா யாரு தாங்குவா?"

இதே கேள்வியை நீ எத்தனை கிறிஸ்துமஸுக்குக் கேட்டிருக்கிறாய்! உனக்குச் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். "பாத்து நடந்துப்பேன்."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான் வீம்பு பேசினாரு. அப்புறம் பாத்தா, அது இல்லாம வாசலைத் தாண்ட மாட்டாரு. படுக்கும்போதுகூடக் கட்டில் பக்கத்துலயே வேணும்பாரு. மொத்தம் நாலஞ்சு வெச்சிருந்தாரு."

"நாலஞ்சா?"

"கோயிலுக்கு ஒண்ணு, சந்தைக்கு ஒண்ணு, சும்மா காத்தாட நடக்க ஒண்ணு."

"உங்களுக்குத் தெரிஞ்சேவா?"

"தெரியாம என்ன? பாதி நானே பாத்து வாங்கிக் குடுத்ததுதான். இன்னும் இங்கதான் மூலையில நிக்குதுங்க. காட்டவா?"

அக்கா, நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உப்பு மூட்டை கழன்று தேநீரில் விழுந்தது. அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் போய், ஒரு கட்டு கைத்தடிகளை அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார். ஒன்றைத் தூக்கிக் காட்டி, "லாஸ்கா!" என்றார். அவர்கள் மொழியில் லாஸ்கா என்றால் கைத்தடி.

நான் மெல்ல உட்கார்ந்தேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"உங்க சிநேகிதர் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லீங்க. நேத்து விழுந்தாரே, ஏங்க லாஸ்கா இல்லாம வந்தீங்கன்னு கேட்டேன். வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்னாரு. சரி, மறந்துட்டாராக்கும்னு பாத்தா, மறக்கலையாம், கூட்டிட்டு வர தைரியம் இல்லையாம்! மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம போய்ப் பாக்குறாராம். எதிர்ல உக்காந்துதான் சாப்பிடுவாராம். இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னு போவாராம், வாயத் தொறந்தா உப்பு குடுன்னு கேட்டுட்டு வந்துடுவாராம். ஒரு தடிகிட்ட இவ்வளவு கூச்சமா ஒரு மனுஷனுக்கு? சொல்லும்போதே அழுதுட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"என்ன சொல்வேன்? இந்தா பாருங்க, மூலையிலயே நிக்க விட்டா உளுத்துப் போயிடும், இல்லைன்னா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான். இந்த வயசுல என்ன வெக்கம்? போனதும் கையில பிடிங்க, கெட்டியா பிடிங்க, முழு பாரத்தையும் போட்டுச் சாயுங்க, தாங்கும்னேன். 'தாங்குமா? என்னைவிட ரெண்டு வயசு பெரிசாச்சே'ன்னாரு. பழசுதாங்க உறுதி, புதுசெல்லாம் சும்மா பளபளப்புன்னேன். அதுவரைக்கும் இதை வெச்சுக்குங்கன்னு ஒண்ணை எடுத்துக் குடுத்தேன்."

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன். உறுதி என்றுதான் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் அவருக்கு விளக்கப் பார்த்தேன். லாஸ்கா, எங்கள் மொழியில், இங்கே, என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நெஞ்சு வலி என்று நினைத்து ஓடிப்போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்தார். கடைசியில் ஜெபப் புத்தகத்தில் அன்புக்கு வருகிற பழைய சொல் ஒன்று இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்தது, அதைச் சொன்னதும் அவர் கை அப்படியே நின்றது. "அப்போ அது தடி இல்லையா?" என்றார். "இல்ல. என் அக்கா" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். "ஐயோ, உங்க அக்காவையா உளுத்துப் போகும்னு சொன்னேன்!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்துப் பார்த்திருக்கிறாயா நீ? எனக்கே அது யாருடைய சத்தம் என்று முதலில் தெரியவில்லை. தேநீர் ஆறிப்போகும் வரை சிரித்தோம். அதில் உப்பு வேறு கரைந்திருந்தது, அதையும் குடித்துவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "சரி, உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் கிடையாதா?"

"எந்த மொழில கேக்கறீங்க?" என்றேன்.

அவர் புதிதாகத் தேநீர் போட எழுந்துபோனார்.

திங்கட்கிழமை ரயிலில் சிரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ரடோவன் முழங்கால்களுக்கு நடுவே அந்தக் கைத்தடியை நட்டு வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஹினெக், உங்க அக்காவுக்குத் தேன் கலர் பிடிக்குமாடா?" என்றான். பிடிக்கும் என்றேன். "நானே சொல்றேன். நீ முந்திக்கிட்டு எதையும் உளறிடாத. ஞாயித்துக்கிழமை நானே என் வாயால சொல்றேன்" என்றான். ஞாயிறு வரைக்கும் எதற்கடா, இன்றைக்கே இறங்கியதும் போய்ச் சொல்லேன் என்றேன். "கூப்பிடாத நாள்ல எப்படிடா போறது?" என்றான். சனிக்கிழமை கையெழுத்து என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. உனக்குக் கொடுத்த சத்தியம் தடுத்துவிட்டது. அவனுக்கும் ஒரு சத்தியம் கொடுத்திருக்கிறேன். அதைத்தான் இந்தக் கடிதத்தில் உடைத்துக்கொண்டிருக்கிறேன். மழை அளக்கிறவன் எப்போதும் இப்படி நடுவில்தான் நனைகிறான்.

ஆகவே அக்கா, என் வாழ்க்கையில் முதல் முன்னறிவிப்பைச் சொல்கிறேன். சனிக்கிழமை கையெழுத்துப் போடாதே. வீட்டை வாங்க வருகிறவனிடம் உனக்கு முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பு. ஞாயிறு மதியம், சூப்புக்கும் இறைச்சிக்கும் நடுவில், ரடோவன் வாயைத் திறப்பான். அந்த நேரத்தில் அவன் கேட்பதற்கு மேஜையில் எந்தப் பொருளும் மிச்சம் இருக்கக் கூடாது. உப்பு, மிளகு, கடுகு, ரொட்டி, தண்ணீர், கை துடைக்கும் துணி, எல்லாவற்றையும் முன்பே அவன் கையெட்டும் தூரத்தில் வைத்துவிடு. அவன் சொன்னதும் ஆச்சரியப்பட வேண்டும். உனக்கு நடிக்க வராது, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பழகிப் பார். பிளாங்காவை அன்று வீட்டுப் பக்கம் சேர்க்காதே. நானும் ஞாயிறு காலையிலேயே வந்துவிடுகிறேன். ஒருவேளை அவன் மறுபடியும் பாதியில் நிறுத்தினால் மீதியைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

கிராக்கோவைப் பற்றிக் கேட்டால், குளிர், காய்ந்த ரொட்டி, போன காது, தவறான திசை. இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். பூனைக்கு என் மரியாதை. உன் முழங்காலும் உன் மேஜையும் இரண்டு பேர் பாரத்தைப் பல காலம் தாங்கும்படி ஆண்டவர் அருள்வாராக.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஹினெக்

பின்குறிப்பு: தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்ற வரியை அடித்துவிடு. ஞாயிறு வருகிறேன் என்ற வரியையும் அடித்துவிடு. மீதி மெட்டை நீயே முடித்துக்கொள், உனக்கு அது கஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை ரயிலில் மறுபடி கிராக்கோவ் போகிறேன். ரடோவனுக்குக் கொடுத்த தடியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் ஞாயிறன்று அவனுக்கு அது வேண்டியிருக்கும். ரொட்டி அப்படியொன்றும் கடினமில்லை, ஊறவைத்தால் போதும். விஷயம் இதுதான்: கிளம்பின அவசரத்தில் என் லாஸ்காவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சிரிலோ பிளாங்காவோ கேட்டால் போலந்து மொழியில் அர்த்தம் சொல்லிவிடு. நீ மட்டும் நம் மொழியில் வாசித்துக்கொள்.